சைலன்சரில் அடைத்த மண்

எங்கள் தெருவில் வெள்ளையாக இல்லாத பொருள் எதுவும் கிடையாது. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டின் பின்சுவரை ஒட்டிய தெரு. வேப்பிலை வெள்ளை, தண்ணீர்த் தொட்டி மூடி வெள்ளை, சாயங்காலம் வேலை விட்டு வரும் பெண்களின் புருவம் வெள்ளை. பவுடர் அப்பிய தெரு என்று என் வீட்டுக்காரர் நடராசன் கேலி பேசுவார். அவர் தும்மினாலும் கைக்குட்டையில் வெள்ளைதான் வரும். அதைச் சொன்னால் மட்டும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

இன்னொரு பழக்கமும் எங்களுக்கு உண்டு. ஓட்டை என்று எதைக் கண்டாலும் எங்கள் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது. கம்பெனியில் மிஞ்சிய மண்ணில் ஓர் உருண்டையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவோம். எலி வளை, எறும்புப் புற்று, ஒழுகும் குழாய், ஸ்விட்சுப் பெட்டிக்குப் பக்கத்துச் சந்து, எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. பிளம்பரைக் கூப்பிட வேண்டிய இடத்தில்கூட முதலில் ஒரு பிடி மண்ணை அப்பிப் பார்ப்போம். நான் சொல்ல வந்தது அந்தப் பழக்கத்தால் வந்த வினையைத்தான்.

அமிர்தம் எனக்கு அடுத்த வீடு. இருவருக்கும் ஒரே பொம்மைக் கம்பெனியில் வேலை. அச்சில் வார்த்து எடுத்த பொம்மைக்குக் கை ஒட்டுவது அவள் வேலை. அது சூளையில் வெந்து வந்த பிறகு கண் எழுதுவது என் வேலை. ஒட்டுவது என்றால் பசை தடவி அமுக்குவது இல்லை. இரண்டு பக்கமும் ஊசியால் கீறிவிட்டு, மண்கூழைத் தொட்டு வைத்து, ஒரு திருகு திருகி அமுக்க வேண்டும். சரியாகச் செய்யாவிட்டால் சூளைக்குள்ளேயே கை உதிர்ந்துவிடும். அமிர்தம் ஒட்டிய கை உதிர்ந்து நான் பார்த்ததில்லை. அவள் அதிகம் பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன் என்பதால் எங்களுக்குள் நன்றாகவே ஒத்துப்போயிற்று.

அவள் வீட்டுக்காரர் தங்கராசு வயரிங் வேலை செய்தவர். கருப்பு நிறத்தில் நூறு சிசி மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். தெருமுனையில் அந்த வண்டிச் சத்தம் கேட்டதும் அமிர்தம் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிடுவாள். அவர் கை கால் கழுவிவிட்டு உட்காருவதற்கும் முதல் தோசை தட்டில் விழுவதற்கும் சரியாக இருக்கும். அந்த நேரத்தில் நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, கொடுத்து வைத்த மனுஷன் என்று என் வீட்டுக்காரர் காதில் விழும்படி சொல்லுவேன்.

ஒருநாள் சாயங்காலம் சத்தம் கேட்டது. கல்லை ஏற்றினாள். வண்டி வாசலில் வந்து நின்றது. இறங்கி வந்தவர் ஒரு போலீஸ்காரர். அவரும் அதே மாதிரி வண்டிதான் வைத்திருந்தார். பெண்ணாடம் சாலையில் ஓரமாக நிறுத்தியிருந்த கரும்பு டிராக்டரின் பின்னால் தங்கராசு மோதிவிட்டார், டிராக்டரில் பின்விளக்கு எரியவில்லை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கல் புகைய ஆரம்பித்துவிட்டது. அடுப்பை அணைத்தது நான்தான். அமிர்தம் அடுப்பையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வாசலில் நின்ற அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கராசின் வண்டிக்கு ஹேண்டில் வளைந்ததும் மட்கார்டு நசுங்கியதும்தான் சேதம். ஸ்டேஷனிலிருந்து அதை விட்டதும் என் வீட்டுக்காரர்தான் தள்ளிக்கொண்டு வந்து அவள் வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் நிறுத்தினார். விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னோம். விற்றால் அதே சத்தம் இன்னொருத்தி வாசலுக்குப் போகும் என்றாள். துக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். மண் வந்த காலிச் சாக்குகளைப் போர்த்தி மூடினாள். எட்டு வருஷம் அந்தப் பக்கம் துணி உலர்த்தக்கூட அவள் போகவில்லை.

அவளுக்கு ஒரே பிள்ளை, பிரவீன்குமார். அப்பா போனபோது பள்ளிக்கூடத்துப் பையன். இப்போது டிப்ளமோ முடித்து, பெண்ணாடம் பக்கம் ஒரு கரும்பு ஆலையில் எடைமேடை வேலைக்குப் போகிறான். அரவை நடக்கிற மாதங்களில் ஷிப்டு மாறி மாறி வரும். பஸ் நேரமும் ஷிப்டு நேரமும் ஒத்துப்போகவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அப்பா வண்டியை ரெடி பண்ணிக்கிறேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.

அந்த வாரம் சூளையிலிருந்து என் மேசைக்கு வந்த பொம்மைகளில் நாலைந்துக்குக் கை இல்லை. மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது என்னடி ஆச்சு என்று கேட்டேன். அமிர்தம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, அந்த வண்டி கெளம்பாது. சைலன்சர்ல மண்ண அடைச்சிட்டேன்."

எல்லோரையும் போல ஒரு பிடி அப்பிவிட்டு வரவில்லை அவள். வாயிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி அடைத்திருந்தாள். முதலில் குழாயின் உள்பக்கத்தைக் கம்பியால் கீறி, கூழ் தடவி, மண்ணைத் துடைப்பக் கட்டையால் இடித்து இறுக்கியிருக்கிறாள். மண் காய்ந்தால் சுருங்கும், சுற்றிலும் இடுக்கு விடும் என்பது எங்களுக்குத் தெரியாதா? இரண்டு நாள் கழித்துப் போய் அந்த இடுக்கிலும் கூழ் விட்டு அடைத்திருக்கிறாள். பொம்மைக்கு ஒட்டாத கை இங்கே ஒட்டியிருக்கிறது.

எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்ற பிள்ளையிடம் வேண்டாம் என்று வாயால் சொல்லத் தெரியாதா என்று கேட்டேன். சொன்னாளாம். சாலையில் போகிறவர்கள் எல்லாரும் சாகிறார்களா என்று அவன் திருப்பிக் கேட்டானாம். அதற்குமேல் அவளுக்குப் பேச வரவில்லை.

"ரோடு அதேதான். டிராக்டரு அதேதான். வண்டியும் அதே. ஆளு மட்டுந்தாங்க்கா வேற" என்றாள். நான் திட்ட எடுத்த வாயை மூடிக்கொண்டேன். அவள் சொன்னதும் அன்றைக்குத் தோசைக்கல் புகைந்த வாசனை எனக்கும் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் பயத்தில் பாதியை நானும் சுமந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பாலக்கரையிலிருந்து மெக்கானிக் குருமூர்த்தி வந்தார். டயர் இரண்டும் வெடித்து மண்ணோடு ஒட்டிப்போன வண்டியை அவர் கடைக்குத் தள்ள முடியாது என்பதால் அவரையே வரவழைத்திருந்தான் பிரவீன். சாக்கை விலக்கினதும் தூசி கிளம்பி எல்லாரும் இருமினார்கள். தெருவில் உள்ள ஆம்பளைகள் அத்தனை பேருக்கும் அன்றைக்கு வேறு வேலை இல்லை. ஒருவர் பேட்டரி என்றார், ஒருவர் காயில் என்றார். ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடத் தெரியாத என் வீட்டுக்காரர் இன்ஜின் சிலிண்டரைப் பற்றிப் பேசினார்.

குருமூர்த்தி கிக்கரை மிதித்தார். அது இறங்கவே இல்லை. பிஸ்டன் உள்ளே பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இன்ஜின் ஆயிலை ஊற்றினார். உள்ளே ஊறட்டும், அடுத்த ஞாயிறு பார்க்கலாம், அவசரப்பட்டு மிதித்தால் உடைந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அமிர்தம் முகத்தில் அன்றைக்குக் கொஞ்சம் ரத்தம் ஓடியது. அந்த வாரம் முழுக்க, விடாதுதானேக்கா, விடாதுதானேக்கா என்று என்னைத் துளைத்து எடுத்தாள். எண்ணெய் ஊறினால் எதுவும் விடும். ஆனால் விடாது விடாது என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விட்டது. அடுத்த ஞாயிறு வண்டியைக் கடைசி கியரில் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார்கள். டொக்கென்று ஒரு சத்தம். அதன் பிறகு கிக்கர் தாராளமாக இறங்கியது. ஆம்பளைகள் எல்லாரும் பிள்ளை பிறந்த மாதிரி சிரித்தார்கள். அமிர்தம் கொட்டகை வாசலிலிருந்து அடுப்படி வாசலுக்குப் போனாள்.

டேங்கைத் திறந்தால் வார்னிஷ் வாசனை. பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, மண்ணெண்ணெயும் ஜல்லிக்கல்லும் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தார்கள். கார்புரேட்டருக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மெல்லிய கம்பியை விட்டு அடைப்பு எடுத்து, வாயால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏர் பில்டரில் எலி கூடு கட்டியிருந்தது. அந்த எலியே பிளக் வயரையும் கடித்து வைத்திருந்தது. வயரை மாற்றி, புதுப் பிளக்கை இன்ஜின் மேல் வைத்து மிதித்துக் காட்டினார். நீலமாகப் பொறி பறந்தது. பிளக் துளையில் விரலை வைத்து மிதிக்கச் சொன்னார். காற்று விரலைத் தள்ளியது. ஒவ்வொரு கோளாறு தீரும்போதும் பிரவீன் முகம் மலர்ந்தது. எட்டு வருஷத்துக் கோளாறு அத்தனையும் ஒரே காலையில் சரியாகிக்கொண்டிருந்தது. இனி மிச்சம் இருந்தது அமிர்தம் வைத்த கோளாறு ஒன்றுதான்.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு மிதித்தார். வண்டி இரண்டு முறை டுப் டுப் என்றது. அப்புறம் மூச்சை அடைத்துக்கொண்டது போல நின்றுவிட்டது. மறுபடியும் மிதித்தார். மறுபடியும் அதே இரண்டு டுப். எட்டு வருஷத்துக்குப் பிறகு கேட்ட சத்தம். நான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அமிர்தம் அடுப்புத் திருகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கே தெரியாமல் கை அங்கே போயிருக்கிறது. தெரிந்ததும் சுட்டது போல் கையை இழுத்துக்கொண்டாள்.

குருமூர்த்தி நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு மிதிக்கச் சொல்லிக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு வண்டிக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சைலன்சர் வாய்க்கு நேராக உள்ளங்கையை வைத்தார். கையை எடுத்துப் பார்த்தார். விரலெல்லாம் வெள்ளை மாவு.

வேறு எந்த ஊராக இருந்தாலும் அந்த இடத்திலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். எங்கள் தெருவில் வெள்ளை மாவு எதைத் தொட்டாலும் ஒட்டும். அவர் சிரித்தார்.

"செராமிக் வண்டி இல்லியா, பின்னாடியும் பவுடர் போட்டுக்கிட்டு இருக்குது" என்று சொல்லிக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கரண்ட் வருகிறது, பெட்ரோல் வருகிறது, காற்றும் அமுக்குகிறது, ஆனால் புகை வெளியே போகமாட்டேன் என்கிறது, அதனால் புகை போகிற வால்வுதான் மாட்டிக்கொண்டிருக்கிறது, இன்ஜினின் மேல்மூடி ஹெட்டைப் பிரிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். இன்ஜினுக்குள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுவிட்டு, அடுத்த வாரம் சாமானோடு வருகிறேன் என்று கிளம்பினார். பிரவீன் சாக்கை எடுத்து மறுபடி மூடினான். பரவாயில்லை, அதுவரை எப்படியாவது போய்க்கொள்கிறேன் என்றான். எப்படியாவது என்ற அந்த வார்த்தையை நாங்கள் இரண்டு பேருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை. அமிர்தம் அன்றைக்கு நன்றாகத் தூங்கினதாக மறுநாள் சொன்னாள்.

அந்த வாரமே பெண்ணாடத்தில் எங்களோடு வேலை செய்த ராஜாம்பாளின் மகளுக்கு வளைகாப்பு. அமிர்தத்தையும் இழுத்துக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் கிளம்பினேன். தங்கராசு போன பிறகு அவள் அந்தச் சாலையில் போனதே இல்லை. வரமாட்டேன் என்றவளை, பகல் வெளிச்சத்தில் என்னடி பயம் என்று அதட்டி ஏற்றியது நான். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வழியில் எங்களுக்கு முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. வீடு உயரத்துக்குக் கரும்பு ஏற்றிய டிரெய்லர் ஆடி ஆடிப் போனது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கி அதைத் தாண்ட ஆரம்பித்தது. டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஓர் இரும்புத் தண்டு இருக்குமே, அதன் மேல் ஒரு பையன் குந்தியிருந்தான். ஒரு கை டிராக்டர் மட்கார்டைப் பிடித்திருந்தது. தோளில் ஒரு பை. கால்களுக்குக் கீழே சாலை ஓடிக்கொண்டிருந்தது, முதுகுக்குப் பின்னால் டிரெய்லர் சக்கரம். கண் மூடியிருந்தது.

பிரவீன்தான்.

நான் கத்த வாயைத் திறந்தேன். அமிர்தம் என் வாயைப் பொத்தினாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், பார்த்தால் பிடி நழுவும். அது எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல், பஸ் அவனைத் தாண்டும்வரை பார்த்தாள். எடைமேடைப் பையன் என்றால் டிராக்டர்காரர்கள் எல்லாருக்கும் பழக்கம்தான், யார் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்வார்கள். அவன் பஸ்ஸில் போகிறான் என்று நாங்களாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

வளைகாப்பில் அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஆலைக்குப் போன் போட்டு அவன் வந்துவிட்டானா என்று கேட்கச் சொன்னாள். உள்ளேதான் இருக்கிறான் என்றார்கள். உடனே ஊருக்குப் போகவேண்டும் என்றாள். திரும்பி வந்ததும் பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய்ச் சாக்கை உருவினாள்.

மண்ணைச் சூளையில் வைக்காதவரை அது பச்சை மண்தான். எவ்வளவு இறுகிக் காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். ஈரத்துணியைச் சைலன்சருக்குள் திணித்தாள். கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துணியை இழுத்து, ஊறின மண்ணைக் கம்பியால் சுரண்டினாள். மறுபடி துணி, மறுபடி கம்பி. மண் கரைந்த வெள்ளைத் தண்ணீர் வாசல் சாக்கடைவரை ஓடியது. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசிக் கட்டி உதிர்ந்து உள்ளே வழி விட்டதும் வண்டியின் பின்சக்கரத்தில் சாய்ந்துகொண்டு அழுதாள். வண்டியில் போனாலும் பயம், போகாவிட்டாலும் பயம், நான் என்னக்கா செய்வேன் என்று கேட்டு அழுதாள். நானும் அழுதேன்.

மறுநாள் காலையில் பிரவீன் பல் தேய்க்கப் பின்பக்கம் வந்தபோது நானும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் தரையில் காய்ந்திருந்த வெள்ளையைப் பார்த்தான், சைலன்சரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"நாந்தான் அடைச்சேன். நாந்தான் எடுத்தேன்" என்றாள் அமிர்தம். "பயம்டா. வேற ஒண்ணுமில்ல. நேத்து டிராக்டர்ல தூங்கிக்கிட்டே போனியே, அதப் பாத்துட்டேன்."

வாய் கொப்பளித்துவிட்டு, வண்டி சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"தூங்கலம்மா" என்றான். "அப்பா விழுந்த எடம் அதுதான். அது வந்தா கண்ண மூடிக்குவேன். பஸ்ஸுல போனாலும் அப்படித்தான்."

எட்டு வருஷமாக அவனுக்குப் பயமே இல்லை என்று நாங்கள் நம்பியிருந்தோம். அமிர்தம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டியில போறப்ப கண்ண மூடாத. அந்த எடம் வந்தா நல்லா தொறந்து பாத்துட்டுப் போ" என்றாள். அவன் சரி என்றான்.

ஞாயிறன்று குருமூர்த்தி ஹெட்டைப் பிரிக்கும் சாமானோடு வந்தார். எதற்கும் ஒரு தடவை பார்ப்போம் என்று மிதித்தார். சைலன்சர் ஈரப்புகையாகக் கக்கிவிட்டு, விடாமல் ஓட ஆரம்பித்தது. போன வாரம் விட்ட எண்ணெய்தான் வால்வை இளக்கியிருக்கிறது, என் கை ராசி அப்படி என்று பாலக்கரை முழுக்க இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். டயரும் பிரேக்கும் மாற்றி, ஹேண்டிலையும் நிமிர்த்திக் கொடுத்த புண்ணியவான்.

பிரவீன் இப்போது அந்த வண்டியில்தான் வேலைக்குப் போகிறான். முதல் நாள் சாயங்காலம் தெருமுனையில் சத்தம் கேட்டதும் நான் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தேன். அமிர்தம் மாவுப் பாத்திரத்தோடு அடுப்பின் முன்னால் நின்றாள். கல் தயாராக இருந்தது, அடுப்பு பற்றவைக்கவில்லை. வண்டி வாசலில் வந்து நின்றது. அப்போதும் அவள் அசையவில்லை. செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டோடு உள்ளே வந்தவனிடம் அதைக் கழற்றச் சொன்னாள். கழற்றினான். முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

இன்றுவரை அப்படித்தான். வண்டிச் சத்தத்தை அவள் நம்புவதில்லை. தோசை வெந்து வரும்வரை பிள்ளை பசியோடு காத்திருக்கிறான், ஒரு வார்த்தை சொல்வதில்லை. வண்டி வந்து நின்ற பிறகு அந்த வீட்டில் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அந்த நேரம் நான் சுவரோரமே நிற்பேன். பிறகு அடுப்பு லைட்டர் சொடுக்கும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் நான் என் அடுப்புக்குப் போகிறேன்.